கினிப் பன்றிக்கு லங்கணம் ஆகாது

சென்ற இதழில் கினிப் பன்றி பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த மடல்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் தொடங்குகின்றன: "சாப்பிட மாட்டேங்குது." அவசரமானவற்றுக்கு அன்றன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

வாசகி, தாம்பரம்: நேற்று இரவிலிருந்து எங்கள் கினிப் பன்றி எதையும் தொடவில்லை. ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு தானே சரியாகிவிடும் என்கிறார் மாமியார். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது சரிதானே?

நமக்குச் சரி. கல்யாண விருந்துக்கு மறுநாள் வெந்நீரோடு கிடந்தால் நம் வயிறு வாழ்த்தும். கினிப் பன்றிக்குப் பட்டினியே நோய். அதன் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அங்கே குடியிருக்கின்றன. மேலிருந்து நார் வந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். வரத்து நின்றால் குடலும் நின்றுவிடும். காற்று கட்டும், நல்ல நுண்ணுயிர் குறைந்து நஞ்சு விடுபவை பெருகும், வலி வரும். வலி வந்தபின் அது வாயையே திறக்காது. உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அது கல்லீரலில் போய்ப் படியும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் கிளம்புங்கள். 24 மணி நேரம் ஆனால் உயிருக்கே ஆபத்து. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் யார் இருந்தாலும் துடிக்கிற மனசு அவருக்கு. காரணம் தெரிந்துவிட்டால் உங்களுக்கு முன்னால் அவர் கூடையைத் தூக்குவார்.

கல்லூரி மாணவர், கோவை: உண்மையிலேயே சாப்பிடவில்லையா, நான் பார்க்கும்போது மட்டும் பயந்து ஒதுங்குகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

புழுக்கையைக் கேளுங்கள், பொய் சொல்லாது. நன்றாகத் தின்கிற கினிப் பன்றி பகலும் இரவும் போட்டுக்கொண்டே இருக்கும்; நீள்வட்டமாக, ஒரே அளவாக, லேசான ஈரத்தோடு. எண்ணிக்கை குறைந்து, சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராகி வந்தால் குடல் மந்தமாகிவிட்டது. இரவு படுக்கப் போகுமுன் அடித்துணியை மாற்றிவிட்டுக் காலையில் பாருங்கள்.

இரண்டாவது சாட்சி சமையலறைத் தராசு. ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து வாரம் ஒருமுறை, நோய் என்றால் தினமும் ஒரே நேரத்தில், எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வளர்ந்த கினிப் பன்றி பெரும்பாலும் 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். 50 கிராம் இறங்கினால் உற்றுக் கவனியுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டால் கவனித்துக்கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகிப் பழகிய இனம் இது. நோயை வெளியே காட்டினால் அன்றோடு கதை முடிந்தது என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

இல்லத்தரசி, திருச்சி: மூலையில் பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூங்குகிறதா?

முடி சிலிர்த்து, முதுகு கூனி, கண் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தால் அது வலி. வயிறு மத்தளம் போல விறைத்திருந்தால் வாயில் எதையும் ஊட்டாமல் உடனே ஓடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: கேரட் வைத்தால் ஆசையாக ஓடி வருகிறது. வாயில் எடுக்கிறது, கீழே போட்டுவிடுகிறது. பேத்தி அதற்கு அடம் என்கிறாள்.

பசி இருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை ஐயா. கினிப் பன்றிக்கு 20 பற்கள். முன்பல், கடைவாய்ப்பல் அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும்.

எங்கள் வீட்டுப் புளிக்கு (நிறத்தால் வந்த பெயர்) இதேதான் நடந்தது. கொத்தமல்லிக் கட்டை எடுத்தால் போதும், கூண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பாள். காம்பை வாய்க்குள் இழுப்பாள். தாடை நாலைந்து முறை ஓடும். பிறகு பாதி நசுங்கிய காம்பு எச்சிலோடு கீழே விழும். மறுபடி எடுப்பாள், மறுபடி விழும். தாடைக்கு அடியில் முடி நனைந்து ஒட்டியிருந்தது. 940 கிராம் இருந்தவள் மூன்று நாளில் 850. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது: கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டிருந்தன. நாக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. விழுங்க வழியே இல்லாமல் மூன்று நாள் அவள் முயன்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

முன்பல் பார்க்க அழகாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் உள்ளே, கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும். நகவெட்டியால் பல்லை வெட்டுகிறவர்களும் உண்டு. பல் வேர்வரை பிளந்துவிடும், வேண்டாம். கடைவாயைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் தேய்த்துச் சரிசெய்வார். பேத்தியிடம் சொல்லுங்கள், அது அடம்பிடிக்கவில்லை, அவளிடம் உதவி கேட்கிறது.

வங்கி ஊழியர், சேலம்: மருத்துவர் சிரிஞ்சில் ஊட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். கை நடுங்குகிறது. எப்படி ஊட்டுவது?

முதல் தடவை எல்லோருக்கும் நடுங்கும். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். காதும் பாதமும் சில்லென்று இருந்தால் உடம்பு சூடு இறங்கிவிட்டது. அந்த நிலையில் ஊட்டக் கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு கதகதப்பானபின் தொடங்குங்கள். துவண்டு கிடந்தாலோ விழுங்கவே முடியாமல் தவித்தாலோ ஊட்டாதீர்கள், மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

ஒரு சிறிய துண்டில் கழுத்துவரை சுற்றி மடியில் வையுங்கள். அது எப்போதும்போல் நாலு காலில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையைப்போல் மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சு எடுத்து, முனையை வெட்டி வாயை அகலமாக்கி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்குங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. உதட்டின் ஓரமாக அங்கே நுழையுங்கள். கால் மில்லி, மிஞ்சினால் அரை மில்லி. நிறுத்துங்கள். தாடை அரைக்கத் தொடங்கும். அரைத்து, விழுங்கி, தாடை ஓய்ந்தபின் அடுத்தது. இந்தக் காத்திருப்புதான் முழு வித்தையும்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 80 மில்லி வரை போக வேண்டும். அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். இரவு வேளை ஒன்று கட்டாயம். புளிக்கு நான் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நாலாவது நாள் இரவு அவளாகவே சிரிஞ்சைக் கடித்து இழுத்தாள். ஊரே அடங்கிய நேரத்தில் அந்தச் சின்னத் தாடை அரைக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே ஊழியர்: கடிக்குமா?

கடிக்கும், சிரிஞ்சை. அது நல்ல செய்தி.

வாசகர், பட்டுக்கோட்டை: நோயுற்ற கினிப் பன்றிகளுக்கென்று தயாரித்த மாவு எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. இன்றைக்கு என்ன ஊட்ட? பால்சோறு, தயிர்சாதம், பிஸ்கட் கரைசல் கொடுக்கலாமா?

மூன்றும் வேண்டாம். வளர்ந்த கினிப் பன்றிக்குப் பால் செரிக்காது. மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் போய் வேகமாக நொதித்து, ஏற்கெனவே நிற்கும் குடலில் இன்னும் காற்றைக் கட்டும். அதற்கு வேண்டியது நார்.

மாவு வந்து சேரும்வரை அது தினமும் தின்கிற பெல்லட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மசித்து, சிரிஞ்சில் ஏறும் பதத்துக்குக் கரையுங்கள். பெல்லட் இல்லையா? சுத்தமான இளம் அருகம்புல்லைக் கழுவி மிக்ஸியில் கொஞ்சம் நீர் விட்டு நைய அரையுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் வழுவழுப்பாக இறங்கும். கோழிக்கோ முயலுக்கோ மருந்து கலந்து விற்கும் தீவனம் எதுவும் கூடாது. இதெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை குடலை ஓடவைக்க மட்டும். சாப்பிடாமல் போனதற்கான காரணம் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.

வாசகி, நாகர்கோவில்: போன மாதம் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின் சிரப் பாதி மீதம் இருக்கிறது. இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

ஒரு சொட்டுகூட வேண்டாம் அம்மா. நம்மைக் காப்பாற்றுகிற பெனிசிலின் குடும்பம் கினிப் பன்றியைக் கொல்லும். அதன் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அது முதலில் அழிக்க, நச்சு விடும் கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே, 1943-ல், ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்துவிட்டார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் வாய்வழியே ஆகாதவை. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டுங்கள். யார் என்ன மருந்து எழுதிக்கொடுத்தாலும் ஒத்துப் பாருங்கள். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவர் எனக்கே ஒருமுறை இதை எழுதிக்கொடுத்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொடுத்தார். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பொறியாளர், ஓசூர்: 'எங்களைச் சோதனை எலி ஆக்காதீர்கள்' என்கிறோம். அந்தச் சோதனை எலி இதுதானா?

ஆங்கிலேயர் அந்த இடத்தில் இதன் பெயரைத்தான் சொல்கிறார்கள், நாம் எலியாக்கிக்கொண்டோம். காசநோய்க் கிருமியை 1882-ல் ராபர்ட் கோக் அறிவித்தபோது அதற்குச் சான்றாக நின்றவற்றில் கினிப் பன்றிகளும் உண்டு. 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்தார்கள். கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. ஈறு வீங்கி, மூட்டு வலித்துச் செத்தன. காரணம், நம்மைப்போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. எலிக்கு அது முடியும். எலியை வைத்துச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நம் மருத்துவம் இந்தச் சின்ன உயிரிடம் வாங்கிய கடன் பெரியது.

வாசகி, திண்டுக்கல்: அப்படியானால் என்னுடையது சாப்பிடாததற்கு வைட்டமின் குறைவும் காரணமாக இருக்குமா? பெல்லட்டும் கேரட்டும்தான் கொடுக்கிறேன்.

நிச்சயம் சந்தேகிக்கலாம். நடக்கத் தயங்குகிறதா, தூக்கினால் கத்துகிறதா, மூட்டு தடித்திருக்கிறதா, முடி சொரசொரப்பாகிவிட்டதா? இரண்டு வாரம் வைட்டமின் சி இல்லாமல் போனாலே அறிகுறி தொடங்கிவிடும். கேரட்டில் அது மிகக் குறைவு. பெல்லட்டில் சேர்த்தது நாளாக நாளாகச் செத்துப்போகும். தண்ணீரில் கலந்தால் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும்.

நலமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் போதும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், நாலு காம்பு கொத்தமல்லி, அவ்வப்போது சின்னக் கொய்யாத் துண்டு கொடுத்தால் கவலையில்லை. நோயில் 30 முதல் 50 மில்லிகிராம் தேவைப்படும். இனிப்பில்லாத 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி நீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும். 800 கிராம் கினிப் பன்றிக்கு அரை மில்லியிலிருந்து முக்கால் மில்லி. தினமும் புதிதாகக் கரையுங்கள். மருத்துவரிடம் அளவை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாசகர், விருதுநகர்: இறக்குமதி செய்த திமோத்திப் புல் கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போடலாமா?

படுக்கையாகப் போடலாம். உணவாக அதில் சத்து மிகக் குறைவு. உங்கள் பக்கத்துத் தீவனப்புல் விவசாயியிடம் கினிப்புல் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த விலங்கு, பெயரில் மட்டும் உறவு. பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல்லும் அருமையானது, நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நிழலில் உலர்த்திக் காற்றாட வையுங்கள். குவித்துவைத்துச் சூடேறிய ஈரப்புல், பூச்சிமருந்து அடித்த வரப்புப் புல், நாய் நடமாடும் சாலையோரப் புல் மூன்றும் ஆகாது. பல் தேய்வதும் குடல் ஓடுவதும் இந்தப் புல்லால்தான். நாள் முழுக்கக் கூண்டில் குறையாமல் இருக்கட்டும்.

மாடிவீட்டு வாசகி, வேலூர்: கத்திரி வெயிலில் மதியம் எதுவும் தின்பதில்லை. வெயில் தணிந்தால் தின்கிறது.

உங்கள் ஊர் வெயிலை அது தாங்காது. மலைக்குளிரில் பிறந்த உடம்புக்கு 18 முதல் 24 டிகிரி இதம். 28-ஐத் தாண்டினாலே ஆபத்து. மொட்டைமாடிக்குக் கீழ் அறையிலிருந்து கூண்டை இன்றே இறக்குங்கள். கீழ்வீட்டில் இடம் கேளுங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் ஒரு பக்கம் வையுங்கள். படுத்துக்கொள்ள ஒரு மண் ஓடு போடுங்கள். மூச்சிரைத்து, எச்சில் ஒழுகிச் சாய்ந்தால் வெப்பத்தாக்கு: காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் ஒற்றியபடியே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வாசகர், தஞ்சாவூர்: துணைக்கு முயலோடு விட்டிருக்கிறேன். தும்மலும் சாப்பாடு மறுப்பும் சேர்ந்து வந்திருக்கிறது.

முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் ஒரு கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா கொடுக்கும். பிரியுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். துணை வேண்டும் என்று நினைத்தீர்களே, அது முழுக்க நியாயம். சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் துணை இன்னொரு கினிப் பன்றியாக இருக்கட்டும்.

வாசகி, புதுச்சேரி: சினையாக இருக்கிறது. இரண்டு நாளில் ஈனும் போல. இன்று காலை முதல் சாப்பிடவில்லை.

12 மணி நேரக் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது. குண்டான சினைக் கினிப் பன்றி ஒரு வேளை விட்டாலே ரத்தத்தில் நச்சு ஏறிவிடக்கூடும். இப்போதே கிளம்புங்கள்.

விவசாயி, அரியலூர்: எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் ஆடு மாடுதான் பார்ப்பேன் என்கிறார். எங்கே போவது?

கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கல்லூரிகள் உண்டு. உங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். நோய் வரும் முன்பே ஒருமுறை போன் போட்டு, கினிப் பன்றி பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவையுங்கள். போகும்போது எடை எழுதிய நோட்டு, கடைசியாகப் போட்ட புழுக்கை ஒரு காகிதத்தில், அது தின்ன முயல்வதைப் படம்பிடித்த போன், கொஞ்சம் புல், அதன் ஜோடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஜோடி பக்கத்தில் இருந்தால் பயம் பாதியாகும்.

கடை நடத்துபவர், ஈரோடு: 600 ரூபாய்க்கு வாங்கினேன். பல் சிகிச்சைக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும் என்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?

கடையில் கொடுத்த காசு அன்றோடு முடிந்தது. அதன்பின் அது உங்கள் காலடிச் சத்தம் கேட்டுக் குரல் கொடுக்கப் பழகியிருக்கிறது. உங்களை நம்பி இருக்கிறது. முழுச் செலவும் முடியாது என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வலி மருந்து, சிரிஞ்சு உணவு, பிறகு பல் என்று படிப்படியாகப் போகலாமா என்று கேளுங்கள். எதற்கும் வழியில்லாத நிலையென்றால் வலியில்லாமல் உயிர்பிரிய ஊசி போடச் சொல்வதும் பொறுப்புதான். மூலையில் போட்டுத் தானாகச் சாகட்டும் என்று விடுவது மட்டும் கூடாது.

வாசகி, காரைக்கால்: எங்கள் செல்லம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதோ கோபம் என்று நினைத்து விட்டுவிட்டேன். என்னால்தானா?

நீங்கள் பார்க்கக் கூடாதென்று அது தன் வலியை மறைத்தது. அந்த மறைப்பை முதல் தடவையே கண்டுபிடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. நானும் புளிக்கு முன்னால் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். தராசு வாங்கியது அதற்குப் பிறகுதான். அதன் ஜோடி இருக்கிறதா? இருந்தால் இந்த வாரம் அதன் உணவைக் கவனியுங்கள். துணை போனபின் தின்னாமல் கிடப்பதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காம்பு நீட்டுங்கள். உங்கள் இருவருக்கும் அது நல்லது.

மூன்றாம் வகுப்பு மாணவி, திருவண்ணாமலை: எங்க வீட்டு கினிப் பன்றிக்கு உடம்பு சரியில்லாம ஆறு நாளா கத்தவே இல்ல. இன்னைக்கு ஃப்ரிட்ஜ் திறந்ததும் வீக் வீக்னு கத்துது. அம்மா அழுதுட்டாங்க. ஏன்?

பாப்பா, உங்கம்மா சந்தோஷத்தில் அழுதிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கவர் சரசரத்ததும் அதற்குப் பசி திரும்பிவிட்டது, அதைத்தான் சத்தம் போட்டுச் சொல்கிறது. முதலில் புல் கொடு, பிறகு ஒரே ஒரு கொத்தமல்லிக் காம்பு. சிரிஞ்சை இன்னும் கழுவி உள்ளே வைக்காதே. தானாகத் தின்று மூன்று நாள் எடை ஏறும்வரை அம்மா ஊட்டட்டும். காலையில் தராசு பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை இனி உன்னுடையது. கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கட்டும், மருத்துவர் படிக்க வேண்டும்.